வெட்டாமல் மாற்றிய பான்டம்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டில் வைத்தே மாற்றியமைக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்களில் பெரும்பாலானோர் கொழும்புப் பக்கத்தில் பரவலாகக் காணப்படும் ஒரு வகை வண்டியையே நினைத்துக்கொள்கிறார்கள். அதன் பின்சட்டம் அறுக்கப்பட்டிருக்கும். மட்காட் இரண்டும் கழற்றப்பட்டிருக்கும். கைபிடி தாழ்ந்தும் இருக்கை தட்டையாகவும் இருக்கும். வன்னியில், வவுனிக்குளத்தின் அணைக்கட்டை ஒட்டிச் செல்லும் கிறவல் பாதையில், மாரி காலத்தில், அப்படியொரு வண்டியை அரை மைல் தூரம் ஓட்டினாலே ஓட்டுபவரின் முதுகு முழுவதும் செம்மண் ஏறிவிடும். ஒரு பை உரத்தை வைத்துக் கட்டக்கூட அதில் இடமிருக்காது. ஆகவே எங்கள் வீட்டுத் தாழ்வாரப் பத்தியில் நிற்கும் பி.எஸ்.ஏ. பான்டம் டி7 வண்டியில் கைவைப்பதற்கு முன்னரே சில தீர்மானங்களை எடுத்துக்கொண்டேன். சட்டத்தில் வாள் படக்கூடாது. எஞ்சின் அதே எஞ்சினாகவே இருக்கவேண்டும். செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் இந்த ஊரின் பாதைக்கோ புழுதிக்கோ சுமைக்கோ தேவைப்படுவதாக இருக்கவேண்டும். நாளைக்கு வேறொருவர் விரும்பினால் போல்ற்றுகளைக் கழற்றி அதை நீக்கிவிடக்கூடியதாகவும் இருக்கவேண்டும்.

பான்டத்தை அறியாதவர்களுக்காக அதன் பூர்வீகத்தைச் சற்றுச் சொல்லவேண்டும். ஜேர்மனியின் சக்சனிப் பகுதியிலுள்ள சொப்பாவ் நகரில் டி.கே.டபிள்யூ. நிறுவனம் 1939இல் வெளியிட்ட ஆர்.ரி. 125 என்னும், பிஸ்டனின் இரண்டு வீச்சுக்கு ஒருமுறை எரியும் சிறிய ரூ-ஸ்ரோக் வண்டியே இதன் மூலம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அதன் வரைபடங்கள் போர் இழப்பீடாக வெற்றிபெற்ற நாடுகளின் கைக்குப் போயின. சோவியத் யூனியனில் மொஸ்க்வா என்ற பெயரிலும், அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சனின் 125 ஆகவும் அதே வண்டி மீண்டும் பிறந்தது. 1955இல் யப்பானில் யமஹா செய்த முதல் மோட்டார் சைக்கிளான வை.ஏ.-1உம் அந்த வடிவத்தைப் பின்பற்றியதுதான். பிரித்தானியாவில் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1948இல் அதனை 123 சி.சி. பான்டமாக வெளியிட்டது. மில்லிமீற்றர் அளவுகளை அங்குலத்துக்கு மாற்றியதோடு, அந்த நாட்டு வழக்கப்படி கியர் மிதி வலப்பக்கம் வரவேண்டும் என்பதற்காக எஞ்சினின் வரைபடத்தையே இடம் வலமாகத் திருப்பிவிட்டார்கள். 1971 வரை வெவ்வேறு வடிவங்களில் 350,000க்கும் மேற்பட்ட பான்டங்கள் செய்யப்பட்டன. பிரித்தானிய அஞ்சல் திணைக்களத்தில் தந்தி கொண்டுபோன பையன்கள் சிவப்பு நிறப் பான்டத்தில்தான் திரிந்தார்கள். எங்களுடையது 175 வகுப்பைச் சேர்ந்த டி7. 1959 முதல் 1966 வரை வந்த இரகம். மூன்று கியர், பின்சில்லைத் தாங்க ஊசலாடும் கை, முன்சில்லைத் தாங்க எண்ணெய் அடைத்த போர்க்.

இதை வாங்கியவர் என் அம்மாவின் மூத்த அண்ணன். எங்களுக்குப் பெரிய மாமா. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக, இருந்தவர். 1950களில் வவுனிக்குளம் திருத்தியமைக்கப்பட்டுக் குடியேற்றத் திட்டம் வந்த பிறகு, வாய்க்கால்களையும் துருசுகளையும் (மதகுகளையும்) பார்த்துவருவதற்குச் சைக்கிள் போதாமற் போனவர்களில் அவரும் ஒருவர். பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாம் ஸ்மோல் ஆர்ம்ஸ் என்பதன் சுருக்கம். 1861இல் துப்பாக்கி செய்வதற்காகத் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் இலச்சினை, ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தப்பட்ட மூன்று துப்பாக்கிகள். வண்டியோடு வந்த கையேட்டில் அந்தச் சின்னம் இருந்ததாம். இராணுவச் சுற்றிவளைப்புகள் தொடங்கிய காலத்தில் மாமா அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார் என்று அம்மா சொல்வார். சோதனைச் சாவடியில் நிற்கும் ஒருவருக்கு இங்கிலாந்துத் தொழிற்சாலையின் வரலாற்றை விளங்கப்படுத்திக்கொண்டிருக்க யாருக்கும் துணிவு வராது. இலக்கத் தகட்டின் கதையும் ஏறக்குறைய அப்படிப்பட்டதே. 1950களின் பிற்பகுதியில் தமிழர்கள் தார் பூசி எதிர்த்த சிங்கள ஸ்ரீ எழுத்துத்தான் அதில் இருக்கிறது. இன்று பழைய வண்டி சேர்ப்பவர்கள் அந்த எழுத்து உள்ள தகட்டுக்கென்றே கூடுதல் விலை கேட்கிறார்கள்.

2008ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் துணுக்காய், மல்லாவிப் பகுதி மக்கள் போரினால் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, தண்ணீர் பம்பிகளைப் பலர் மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் போனார்கள். மாமாவும் பான்டத்தின் எஞ்சினைக் கழற்றி, உடல் முழுவதும் கிறீஸ் பூசி, பொலித்தீனால் பல சுற்றுச் சுற்றி, மாட்டுக்கொட்டிலின் மூலையில் புதைத்தார். சட்டமும் சில்லுகளும் பத்தியிலேயே கிடந்தன. வாகனப் பதிவுப் புத்தகம் மட்டும் காணி அனுமதிப்பத்திரத்தோடும் பிறப்புச் சான்றிதழ்களோடும் ஒரே பையில் எங்களுடன் வந்தது. கண்ணிவெடி அகற்றப்பட்டு 2010இல் நாங்கள் திரும்பியபோது கொட்டிலுக்குக் கூரை இல்லை. பெற்றோல் தாங்கியில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. ரயர்கள் இருந்த இடத்தில் கம்பிகள். எஞ்சின் புதைத்த இடத்திலேயே இருந்தது. வீடு கட்டுவதும் வயல் திருத்துவதும் முடியும்வரை அது சாக்கில் சுற்றியபடியே கிடந்தது. மாமாவும் அதற்குள் காலமாகிவிட்டார்.

வேலையைத் தொடங்கியபோது எனக்குக் கிடைத்த முதல் அறிவுரை எஞ்சினை மாற்றச் சொல்வதாகவே இருந்தது. கிளிநொச்சியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணை ஒருவர், உள்ளதை உள்ளபடி பேசும் மனிதர், "தம்பி, இந்தச் சட்டத்திலை சீனா எஞ்சின் ஒண்டைப் பூட்டினால் ரெண்டு கிழமையிலை ஓடுவாய், இதைத் திருத்தப் போனால் உனக்குத் தலை நரைச்சிடும்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் எஞ்சின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் தனித்தனியே இருக்கின்றன. வண்டியில் பொறிக்கப்பட்டிருப்பவை அவற்றோடு ஒத்துப்போகவேண்டும். வேறு எஞ்சினைப் பூட்டினால் அதற்குரிய ஆவணங்களுடன் பதிவைத் திருத்தவேண்டும். நிறத்தை மாற்றினால்கூடப் பதிவில் காட்டவேண்டும். அத்தனை இடம்பெயர்விலும் பத்திரமாகக் காத்த புத்தகத்தைச் செல்லாத தாளாக்கிவிட்டு ஓர் அழகான வண்டியைப் பத்திக்குள் நிறுத்திவைப்பதில் எனக்கு விருப்பமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வண்டிகளின் விலை ஏறியபோது, புத்தகம் இல்லாத சட்டங்களும் சட்டம் இல்லாத புத்தகங்களும் கைமாறியதை நாமெல்லோரும் பார்த்தோம். அந்தச் சந்தைக்குள் காலடி வைக்காமல் இருப்பதற்கும் இதுவே வழி.

எஞ்சினின் தலையைக் கழற்றியபோது, சிலிண்டருக்கும் தலைக்கும் இடையில் தொழிற்சாலை வைக்காத ஒரு பொருள் இருந்தது. கையால் வெட்டி, அரத்தால் ஓரம் சீவி, நான்கு துளைகளும் துரப்பணத்தால் இடப்பட்ட செம்புத் தகடு ஒன்று. அதன் காரணத்தை விளங்கிக்கொள்ள 1990களின் பொருளாதாரத் தடையை நினைவில் கொள்ளவேண்டும். வன்னிக்குள் பெற்றோல் வர அனுமதியில்லாத அந்த ஆண்டுகளில் ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் முதல் பழைய மொறிஸ் கார் வரை எல்லாமே மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலில் இருக்கும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி எஞ்சினை உயிர்ப்பிக்கவேண்டும். சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியத் தொடங்கும். ஆனால் அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் திறனைக் காட்டும் ஒக்டேன் அளவு மண்ணெண்ணெய்க்கு மிகக் குறைவு. ஆகையால் அமுக்கம் கூடிய எஞ்சினில் அது உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்து, பிஸ்டனின் தலையைச் சுத்தியலால் அடித்ததுபோல் சிதைத்துவிடும். மாமா தகட்டை வைத்துத் தலையைச் சற்று உயர்த்தியது அந்த அமுக்கத்தைக் குறைப்பதற்காகத்தான். ரூ-ஸ்ரோக் எஞ்சினின் தலையில் வால்வுகளோ ரைமிங் செயினோ இல்லாததால் அப்படி உயர்த்துவது எளிது. வால்வுகளைத் திறக்கும் காம் அச்சு தலையிலேயே இருந்து செயினால் சுழலும் ஹொண்டா போன்ற ஓவர்ஹெட் காம் எஞ்சினில் இதையே செய்தால் செயினின் நீளம் மாறாமல் தலை மட்டும் மேலெழுவதால், வால்வு திறக்கும் நேரமும் சற்று முந்திவிடும்.

தகடு முழுப் பலனையும் தந்ததென்று சொல்வதற்கில்லை. பிஸ்டனின் மேற்பரப்பில் வெளியேற்றும் துவாரத்தின் பக்கம் அம்மைத் தழும்பு விழுந்த இடங்கள் இருந்தன. இருந்தாலும் வாகனப் பொறியியல் படிக்காத ஓர் ஓவசியர் அமுக்க விகிதம் என்பதைச் சரியாக விளங்கிக்கொண்டு ஒரு தகட்டை வெட்டியிருக்கிறார். இந்த வண்டியின் முதல் மாற்றியமைப்பாளர் அவர்தான். அவர் தெரிவுக்கு இடமில்லாமல் செய்தார், நான் தெரிந்து செய்கிறேன். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். பங்கீட்டு முறை வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றபோது கொழும்பிலிருந்தவர்கள் பட்ட அங்கலாய்ப்பை வன்னியில் வயதானவர்கள் சிலர் ஒரு புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்ததற்கும் அந்த மண்ணெண்ணெய்க் காலமே காரணம். செம்புத் தகட்டை மீண்டும் பூட்டவில்லை. 92 ஒக்டேன் பெற்றோலுக்குத் தொழிற்சாலை வைத்த அமுக்கமே போதும்.

அடுத்து வந்தது மரைகளின், அதாவது போல்ற்றுகளின் திருகுப் புரிகளின், சிக்கல். அதைச் சற்று விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் பழைய ஆங்கில வண்டிகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பாழாகின்றன. இங்குள்ள கராஜ்களில் கிடைப்பவை யப்பானிய, இந்திய வண்டிகளுக்குரிய மில்லிமீற்றர் ஸ்பனர்கள். பான்டத்தின் போல்ற்றுகளோ பிரித்தானிய சைக்கிள் மரையும் நுண்மரையும் கொண்டவை. சைக்கிள் மரையில் பெரும்பாலான அளவுகளுக்கு அங்குலத்துக்கு 26 சுற்றுகள். பல்லின் கோணம் 60 பாகை. விட்வேர்த் என்ற பழைய பிரித்தானிய மரைக் குடும்பத்தைச் சேர்ந்த நுண்மரையில் கோணம் 55 பாகை. மில்லிமீற்றர் நட்டு ஒன்றை இவற்றின்மேல் வைத்துத் திருகினால் முதல் ஓரிரண்டு சுற்றுகள் எந்தத் தடையுமின்றிப் போகும், அதன்பின் இறுகும், இறுகியதைப் பார்த்து நன்றாகப் பூட்டிவிட்டதாக நினைத்து இன்னும் அழுத்தினால் அலுமினிய உடலிலுள்ள மரை முழுவதும் உரிந்து வந்துவிடும். எனக்கு வாய்த்த நல்லூழ், மாமாவின் தகரப்பெட்டியில் விட்வேர்த் ஸ்பனர் தொகுதி ஒன்று கிடந்தது. தண்ணீர் இறைத்த பழைய லிஸ்ரர் எஞ்சின்களுக்காக வாங்கப்பட்டது அது. அந்த ஸ்பனர்களில் எழுதப்பட்டிருக்கும் எண் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை, போல்ற்றின் தடிப்பைக் குறிக்கும் என்பதைப் புதிதாக எடுப்பவர்கள் அறிந்துகொள்ளவேண்டும். தேய்ந்துபோன போல்ற்றுகளை யாழ்ப்பாணத்தில் ஒரு பட்டறையில் கடைந்து எடுத்தேன். உரிந்திருந்த இரண்டு துளைகளுக்குள் பித்தளைப் புதுக்குழல் இறுக்கி, அதே அளவு மரையை மீண்டும் வெட்டினோம். கடையில் கிடைக்கும் மில்லிமீற்றர் போல்ற்றுக்கு ஏற்றபடி துளையைப் பெருப்பித்துவிடலாம் என்ற யோசனையை அண்ணையும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை.

ரூ-ஸ்ரோக் எஞ்சினில், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இருக்கும் அறையும் ஒரு பம்பியாகவே வேலைசெய்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது காபரேற்றரிலிருந்து கலவையை அந்த அறை உறிஞ்சுகிறது. கீழே இறங்கும்போது அதை அமுக்கி, மாற்றுத் துவாரங்கள் வழியாக மேலே தள்ளுகிறது. ஆகையால் கிராங்கின் இருபுறமும் உள்ள ஓயில் சீல்கள் காற்றுப் புகாதபடி இருந்தாலொழிய, பிளக்கில் எவ்வளவு நல்ல பொறி விழுந்தாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. மண்ணுக்குள் கிடந்த காலத்தில் சீல்கள் கல்லாக இறுகிவிட்டிருந்தன. பேரிங்குகளில் துருப் புள்ளிகள். இவை இரண்டுக்கும் அளவு கொண்டுபோனால் பேரிங் கடையில் மாற்று கிடைத்தது. கடினமானது கிராங்க்தான். அழுத்திப் பொருத்தப்பட்ட கிராங்கைப் பிரித்து, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்ரிங் றொட்டின் அடிப்பேரிங்கை மாற்றி, மீண்டும் ஹைட்ரோலிக் பிறஸ்ஸில் சேர்த்தபின், இரு பக்க அச்சுகளும் ஒரே நேர்கோட்டில் சுழல்கின்றனவா என்று டயல் மானியால் பார்க்கவேண்டும். சிறிது விலகினாலும் புதிய பேரிங் நீடிக்காது. ஈயச் சுத்தியலால் ஒரு தட்டு, மானியில் ஒரு பார்வை, மறுபடியும் ஒரு தட்டு என்று அண்ணை அதைச் செய்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம். சீனா எஞ்சினைப் பற்றி அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. சிலிண்டரின் உட்துளையைக் கடைந்து பெருப்பித்து, ஓர் அளவு கூடிய பிஸ்டன் போட்டோம். இங்கிலாந்தில் இன்னமும் பான்டத்துக்கான புதிய உதிரிகளைச் செய்து விற்கிறார்கள் என்பதால் பிஸ்டனும் றிங்குகளும் தபாலில் வந்தன.

இனி உண்மையான மாற்றங்களுக்கு வருகிறேன். எதை மாற்றுவது என்று தீர்மானிப்பதற்கு எனக்கு வழிகாட்டியது பி.எஸ்.ஏ. நிறுவனமே செய்த ஒரு வண்டி. 1960களின் பிற்பகுதியில் அவர்கள் புஷ்மன் என்ற பெயரில் ஒரு பான்டத்தை வெளியிட்டார்கள். பெரும்பாலும் அவுஸ்திரேலியாவுக்கு ஏற்றுமதியான வண்டி. ஆட்டுப் பண்ணைகளிலும் தார் காணாத பாதைகளிலும் ஓடுவதற்காக அதன் சைலன்சர் மேலே உயர்த்தப்பட்டது. தரைக்கும் எஞ்சினுக்கும் உள்ள இடைவெளி கூட்டப்பட்டது. எஞ்சினின் அடியில் காப்புத் தகடு பூட்டப்பட்டது. பின்சில்லின் பல்சக்கரம் பெரிதாக்கப்பட்டது. வன்னிக்கு வேண்டியதும் ஏறக்குறைய இதேதான். ஆகவே டி7இன் சட்டத்தைத் தொடாமல் புஷ்மனின் குணங்களை அதற்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

பின் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் உச்ச வேகம் குறையும், இழுவை கூடும். குளக்கட்டில் ஏறும் சரிவிலும், வயல் வரம்புக்குப் போகும் களிமண் பாதையிலும் முதலாம் கியரில் கிளச்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய தேவை இதனால் இல்லாமற்போகிறது. சிறிய எஞ்சினின் கிளச்சுக்கு அது பெரிய உபகாரம். பழைய பல்சக்கரத்தின் நடுப்பகுதியை அளவாக எடுத்து, தகட்டில் வெட்டுவித்த புதிய பல்வளையத்தை அதே துளைகளில் பூட்டினோம். செயினுக்குச் சில கண்கள் கூடின. சைலன்சரை உயர்த்துவதற்குக் குழாயை வளைக்கவேண்டியிருந்தது. நன்றாக வறுத்து ஈரம் நீக்கிய ஆற்றுமணலைக் குழாய்க்குள் இறுக அடைத்து, இரு முனைகளையும் மூடி, சூடுகாட்டி வளைத்தால் வளைவில் குழாய் ஒடுங்காது. மணலில் ஈரம் இருந்தால் நீராவி முனையடைப்பைத் துப்பாக்கிக் குண்டாக வெளியே தள்ளிவிடும் என்பதை மணலைச் சூடாக்கும் ஒவ்வொரு முறையும் அண்ணை எச்சரித்தார். ரூ-ஸ்ரோக்கில் வெளியேற்றும் குழாயின் மொத்த நீளம் எஞ்சினின் இழுவையோடு தொடர்புடையது. ஆகையால் பழைய குழாயின் மையக்கோட்டு நீளத்தை நூல் பிடித்து அளந்து, புதியதும் அதற்கு மிக நெருங்கியிருக்கும்படி பார்த்துக்கொண்டோம். கால் சுடாமலிருக்கத் துளையிட்ட தகடு ஒன்று மேலே நிற்கிறது. எஞ்சினுக்கு அடியிலுள்ள காப்புத் தகடு பழைய உழவு இயந்திரத்தின் மட்காட்டிலிருந்து வெட்டியது. வளைவு தானாகவே சரியாக அமைந்தது.

முன் மட்காட்டை ரயரிலிருந்து நான்கு விரல் உயர்த்தியிருக்கிறேன். மாரியில் எங்கள் பக்கத்து வயல்மண் ரயரோடு ஒட்டிக்கொண்டு மட்காட்டுக்குள் இறுகி, சில்லையே நிறுத்திவிடும் தன்மை கொண்டது; மட்காட் இருக்கவும் வேண்டும், இடைவெளியும் வேண்டும். சில்லுகளுக்கு இந்திய வண்டிகளின் 18 அங்குல றிம் பூட்டினேன். றிம்மின் துளை எண்ணிக்கை பான்டத்தின் ஹப்போடு ஒத்துப்போனது. துளைகளின் சரிவு ஒத்துப்போகாததால் ஸ்போக்குகளைத் தனியே வெட்டி மரையிடவேண்டி வந்தது. பிறேக் ட்றம்கள் ஐந்தரை அங்குலமானவை. இன்றைய டிஸ்க் பிறேக்குக்குப் பழகிய கைக்கு அவை போதாதவையாகவே தெரியும். டிஸ்க் பூட்டச் சொன்னவர்களும் இருந்தார்கள். அதற்கு முன் போர்க்கையே மாற்றவேண்டும், அப்படி மாற்றினால் மிஞ்சுவது பான்டமாக இருக்காது. ட்றம்மைக் கடைந்து வட்டம் திருத்தி, லைனிங்கைப் புதிதாக ஒட்டியபின் இந்த வண்டி போகக்கூடிய வேகத்துக்கு அது போதுமாக இருக்கிறது. பிறேக் மிதி இடப்பக்கமும் கியர் மிதி வலப்பக்கமும் இருப்பதை மட்டும் வண்டியைக் கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லியாகவேண்டும். பிறேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கிற இளந்தாரிகளுக்கு இந்த வண்டி கொடுப்பதில்லை.

இந்த முழு வேலையிலும் நான் அதிக அக்கறை எடுத்தது காற்று வடிகட்டியில்தான். டி7இல் தொழிற்சாலை வைத்த சிறிய கம்பிவலை வடிகட்டி இங்கிலாந்தின் ஈரப் பாதைகளுக்குப் போதுமாக இருந்திருக்கலாம். ஆடி மாதத்தில் கிறவல் லொறிக்குப் பின்னால் போகும்போது எழும் புழுதி அதற்குள் சாதாரணமாகப் புகுந்துவிடும். ரூ-ஸ்ரோக்கில் அந்தப் புழுதி சிலிண்டருக்குப் போவதற்கு முன் கிராங்க் அறை வழியாகவும் போகிறது. ஆகவே பிஸ்டனோடு பேரிங்கும் அரைபடும். இருக்கைக்குக் கீழே தகரப் பெட்டி ஒன்று அமைத்து, எண்ணெயில் தோய்த்த ஸ்பொஞ்ச் வடிகட்டியை அதில் வைத்து, றப்பர் குழாயால் அமல் மொனோபுளொக் காபரேற்றரோடு இணைத்தேன். காற்று வரும் வழி மாறியதால் கலவையும் மாறியது. முதலில் பிளக் கறுத்தது; பெற்றோல் வரும் துளையான பிரதான ஜெற்றை ஒரு படி சிறியதாக்கியபின், நீண்ட ஏற்றத்தில் முழுத் திறப்பில் ஓடி உடனே எஞ்சினை நிறுத்திக் கழற்றிப் பார்த்தபோது பிளக்கின் வெண்களிமண் பகுதி காய்ந்த வெற்றிலைக்காம்பின் பழுப்பு நிறத்துக்கு வந்தது. அதற்கு மேல் சிறிதாக்க மனம் வரவில்லை. கலவை மெலிந்தால் எஞ்சின் துடிப்பாக ஓடுவதுபோல் தோன்றும். ஆனால் வன்னியின் மத்தியான வெயிலில் அந்தத் துடிப்பின் முடிவு பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடிப்பதுதான். பெற்றோலுக்கு ஓயில் 20க்கு 1 என்ற பழைய விகிதத்தையே வைத்திருக்கிறேன், அதாவது லீற்றருக்கு 50 மில்லிலீற்றர். புதிய ஓயில்கள் இதைவிடக் குறைவாகப் போதும் என்று பலர் சொல்கிறார்கள். புகை சற்றுக் கூடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறி விழும் நேரத்துக்கு மாமாவின் முறையையே பின்பற்றினேன். தலையைக் கழற்றி, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமாக, கையேட்டின்படி 1/16 அங்குலம், கீழே நிற்கும் நிலையில், பொறியை எழுப்பும் தொடுமுனையான பொயின்ற் திறக்கத் தொடங்கவேண்டும். அந்தத் திறப்பைக் கண்ணால் காண முடியாது. சிகரெட் தாளின் ஒரு துண்டைப் பொயின்ற்றுக்கு இடையில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே சுழல்தட்டைத் திருப்பினால், தாள் விடுபடும் கணமே பொயின்ற் திறக்கும் கணம். வெளிச்சத்தில் மட்டும் பழைமைக்கு விசுவாசமாக இருக்கவில்லை. 6 வோல்ற்றில் எரியும் பழைய விளக்கு, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மங்கி, வேகமெடுத்தால் மட்டுமே பிரகாசிக்கும்; மாங்குளம் வெள்ளாங்குளம் வீதியில் இரவில் யானை குறுக்கே நிற்கக்கூடிய ஊருக்கு அது ஒத்துவராது. கிளிநொச்சியில் தண்ணீர் மோட்டார் சுற்றுபவரிடம் விளக்குச் சுருள்களைக் கொடுத்து 12 வோல்ற்றுக்கு மீளச் சுற்றுவித்து, றெகுலேற்றரும் சிறிய பற்றறியும் வைத்து, பழைய விளக்குக் கூட்டுக்குள்ளேயே எல்.ஈ.டி. விளக்கைப் பொருத்தினேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது.

தாங்கியின் ஓட்டையை அடைப்பதற்கு முன், அதைப் பல நாள் திறந்து வெயிலில் வைத்து, பின்னர் கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, ஓட்டை மேலே வரும்படி வைத்தே பித்தளை ஒட்டினோம். எத்தனை வருடம் காய்ந்தாலும் பழைய தாங்கியில் பெற்றோல் ஆவி மிஞ்சியிருக்கும். வெறுமனே சுடர் காட்டினால் வெடிக்கும். உட்புறத் துருவை வினாகிரி ஊற்றி ஊறவைத்து, பிறகு கிறவல் கற்களைப் போட்டுக் குலுக்கி எடுத்தோம். புஷ்மனுக்குத் தொழிற்சாலை கொடுத்தது செம்மஞ்சளும் வெள்ளையும். எனக்கும் அந்த நிறத்தில் ஆசை இருந்தது. புத்தகத்தில் கறுப்பு என்று எழுதியிருப்பதால் கறுப்பாகவே விட்டேன். ஒட்டிய இடத்தில் பூச்சுக்குக் கீழே ஒரு மேடு தெரிகிறது. அதைப் புட்டி வைத்து மறைக்கச் சொன்ன பெயின்ற் அடிப்பவருக்கு, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இருக்கை ஓட்டுபவருக்கு மட்டும். அதன் பின்னால் இரும்புக் கம்பியில் செய்த தட்டையான கரியர். தனி மனிதருக்குரிய வண்டி இது என்று அம்மாவுக்கு மனக்குறை உண்டு, மல்லாவிச் சந்தைக்கு அவரைப் பின்னால் ஏற்றிப் போக முடியாது. பழைய நீள இருக்கையும் பின் கால்மிதிகளும் பெட்டியில் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்திருப்பதால், அந்தக் குறையை எப்போது வேண்டுமானாலும் நான்கு போல்ற்றில் தீர்க்கலாம். கரியரில் ஒரு மூட்டை விதைநெல்லைக் கட்டிக்கொண்டு கட்டுவழியே ஏறிப் பார்த்தாயிற்று. இரண்டாம் கியரில் ஏறுகிறது. சைலன்சரைத் தாங்கும் பட்டி ஒன்று அதிர்வில் வெடித்ததால், றப்பர் வைத்து மீண்டும் பூட்டினேன். செயின் நீளம் கூடிய பிறகு அடிக்கடி தொய்கிறது. கிறவலில் ஓடும் வண்டிக்கு அது இயல்பு.

மீதமிருப்பது வேகமானிதான். விளக்குக் கூட்டின் தலையில் அமர்ந்திருக்கும் ஸ்மித்ஸ் மானி, மைலில் காட்டுவது. முள் நிற்கிறது, உள்ளேயுள்ள சிறு பற்சக்கரம் உடைந்திருக்கிறது. முழு மானியாக இங்கிலாந்தில் வாங்கலாம். விலை என் கைக்கு எட்டவில்லை. யாரிடமாவது பழைய ஸ்மித்ஸ் மானி, முகம் உடைந்ததாக இருந்தாலும், பெட்டிக்குள் கிடந்தால் எனக்கு அது வேண்டும்; மாற்றாகக் கொடுப்பதற்கு டி7இன் மேலதிகக் கிளச் தட்டுகள் ஒரு தொகுதி என்னிடம் இருக்கின்றன.